இடைவெளி இருந்தால் பாரபட்சம் நடந்தது என்று அர்த்தமா?

பினாங்கு குளுகோரில் வசிக்கும் இந்தப் பத்தியாளர், பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையத்தில் ஆய்வுப் பகுப்பாய்வாளராகப் பணியாற்றி நாடு திரும்பியவர். இம்மாதம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

சமத்துவ ஆணையம் என்றால் வழக்கறிஞர்கள்தானே இருப்பார்கள்? கணக்குப் படித்தவர்களுக்கு அங்கே என்ன வேலை, மேடம்?
வாசகி, நிபோங் திபால்

வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அம்மா. ஆனால் எந்தத் துறையில், யாருக்கு, எவ்வளவு காலமாகக் குறை நடக்கிறது என்று தெரியாமல் அவர்களும் வேலையைத் தொடங்க முடியாது. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை.

இனம், பாலினம், உடற்குறை என மூன்றுக்கும் தனித்தனியாக இருந்த பழைய அமைப்புகளை ஒன்றாக்கி 2007 அக்டோபரில் வேலையைத் தொடங்கிய ஆணையம் அது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் அதன் எல்லை. வட அயர்லாந்துக்கு வேறு ஆணையம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஒன்பது அடிப்படைகளைச் சொல்கிறது. வயது, உடற்குறை, இனம், மதம், பாலினம், கர்ப்பம் எல்லாம் அதில் அடங்கும். நாடு எந்த அளவுக்கு நியாயமாக இருக்கிறது என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆணையம் அறிக்கை தர வேண்டும். அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். கல்வி, வேலை, வாழ்க்கைத் தரம், சுகாதாரம், நீதியும் பாதுகாப்பும், பொது வாழ்வில் பங்கேற்பு என ஆறு தலைப்புகள். அந்த அறிக்கையின் ஒவ்வோர் அட்டவணைக்குப் பின்னாலும் எங்களைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

பெரும்பாலான நேரம் அடுத்தவர் எடுத்த கணக்கெடுப்பைச் சரிபார்ப்பதில்தான் போகும். ஒரு வருடம் படிவத்தில் "நீண்டகால நோய் உண்டா?" என்று கேட்டிருப்பார்கள். அடுத்த முறை அதையே "அன்றாட வேலையைப் பாதிக்கும் நோய் உண்டா?" என்று மாற்றியிருப்பார்கள். எண்ணிக்கை சட்டென்று மாறிவிடும். கவனிக்காமல் எழுதினால், நாட்டில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னவர்கள் ஆகிவிடுவோம்.

எங்கள் நிறுவனத்தில் ஆண்களின் சராசரிச் சம்பளம் பெண்களுடையதைவிட மிக அதிகம். இது பாரபட்சம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும், அக்கா?
வாசகி, பழைய கிள்ளான் சாலை, கோலாலம்பூர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, தங்கச்சி. ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் தொழிலே இதில்தான் இருக்கிறது.

மேலாளர்கள் எல்லாம் ஆண்கள், எழுத்தர்கள் எல்லாம் பெண்கள் என்று ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சம்பள அளவு பதவியைப் பொறுத்ததுதான். எழுத்தராக நாளை ஓர் ஆண் வந்தாலும் அதே சம்பளம்தான் கிடைக்கும். அப்போதும் சராசரியில் பெரிய இடைவெளி தெரியும். ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பது ஒரு குற்றச்சாட்டு. பெண்கள் எல்லோரும் கீழ்ப்படியில் நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் வேறு, சட்டமும் வேறு. பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை வெளியிட வேண்டும் என்ற விதி 2017இல் வந்தது. முதல் பட்டியல்கள் வெளிவந்தபோது பத்திரிகைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டே இருந்தன.

சரி, அப்படியானால் ஒரே பதவியில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டுவிடலாமே என்பீர்கள். ஒப்பிடலாம். பதவி, அனுபவம், முழுநேரமா பகுதிநேரமா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், சில இடங்களில் மறைந்தும் போகும். உடனே நிறுவனம் "பாருங்கள், எங்களிடம் குறையே இல்லை" என்று சொல்லும். இங்கேதான் பகுப்பாய்வாளர் விட்டுக்கொடுக்கக் கூடாது. பத்து வருடம் உழைத்த பெண்ணுக்குப் பதவி உயர்வே கிடைக்கவில்லை என்றால், "ஒரே பதவி" என்று பிரிக்கும்போதே அவருக்கு நடந்ததைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். அதனால் பதவி உயர்வுக்கு யார் விண்ணப்பித்தார்கள், யாரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், யாருக்குக் கிடைத்தது என்பதைத் தனியாகப் பார்த்தே தீர வேண்டும்.

எதிர்த்திசையிலும் நேர்மை வேண்டும். பிபிசியில் பெண்களின் ஊதியம் பற்றி ஆணையம் முறைப்படி விசாரித்தது. ஆராய்ந்த விவகாரங்களில் சட்டத்துக்குப் புறம்பான ஊதியப் பாரபட்சம் எதையும் காணவில்லை என்று 2020 நவம்பரில் அறிவித்தது. பலர் ஏமாற்றம் அடைந்தார்கள். அதே அறிக்கை, சம்பளம் எப்படி முடிவு செய்யப்பட்டது என்பதற்கான பதிவுகள் சரியாக இல்லை என்றும் சொன்னது. பதிவே இல்லாத இடத்தில் ஊழியரும் நிரூபிக்க முடியாது, நிறுவனமும் தன் நியாயத்தைக் காட்ட முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். உங்களோடு ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

2019 குடும்ப வருமான ஆய்வில் இந்தியக் குடும்பங்களின் வருமானம் தேசிய அளவைவிடக் கூட இருந்ததாமே? எங்கள் பிறை அடுக்குமாடியில் அப்படி ஒரு குடும்பத்தைக் காட்ட முடியுமா?
வாசகர், பிறை

நீங்கள் படித்தது சரிதான், ஐயா. புள்ளிவிவரத் துறை சொன்ன இடைநிலை வருமானம் நாட்டுக்கு 5,873 ரிங்கிட், இந்தியக் குடும்பங்களுக்கு 5,981 ரிங்கிட். உங்கள் கண்ணுக்குத் தெரிவதும் சரிதான். இடைநிலை என்பது வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். அந்த வரிசையின் அடிப்பகுதியில் இருப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. இன்னொன்று, அது குடும்பத்தின் வருமானம், தலைக்கான வருமானம் அல்ல. அப்பா லாரி ஓட்டி, அம்மா தொழிற்சாலைக்குப் போய், இரண்டு பிள்ளைகள் ஷிப்ட் வேலை பார்த்துக் கொண்டுவரும் 6,000 ரிங்கிட்டும், இரண்டே பேர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் 6,000 ரிங்கிட்டும் அட்டவணையில் ஒன்றுதான்.

அதனால் "இந்தியர்" என்ற ஒரே பத்தியை மாநிலம், நகரம், வீட்டு வகை, குடும்பத்தில் எத்தனை பேர் என்று உடைத்துப் பார்க்க வேண்டும். உடைக்க உடைக்க மாதிரியில், அதாவது ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்துக் கேட்டவர்களில், ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணை நம்ப முடியாது. வெளியிட்டால் இன்ன வீடு என்று அடையாளமும் தெரிந்துவிடும். சிறுபான்மையில் சிறுபான்மையாக இருப்பவர்களுக்கு இது பெரிய அநியாயம். எண்ணிக்கையில் குறைவு என்பதாலேயே அவர்களின் துன்பம் அட்டவணைக்கு வராமல் போகிறது. மாதிரியிலேயே அவர்களைக் கூடுதலாகச் சேர்த்துக் கேட்பதுதான் வழி. அதற்குப் பணம் செலவாகும். அந்தப் பணத்தைக் கேட்டு வாதாடுவதும் எங்கள் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிக்கை எழுதி என்ன ஆகிறது? அலமாரியில்தானே தூங்கும்?
வாசகர், சுங்கை பட்டாணி

சில தூங்கும். ஆனால் 2016இல் ஆணையமும் பிரிட்டன் அரசின் வணிகத் துறையும் சேர்ந்து வெளியிட்ட மகப்பேறு ஆய்வைப் பாருங்கள். 3,254 தாய்மாரிடமும் 3,034 முதலாளிகளிடமும் பேசினார்கள். கர்ப்பிணி ஊழியருக்கு ஆதரவு தருவது நிறுவனத்துக்கே நல்லது என்று முதலாளிகளில் 84 விழுக்காட்டினர் சொன்னார்கள். தாய்மாரில் 11 விழுக்காட்டினர் வேலை நீக்கப்பட்டோம், அல்லது இருக்க முடியாத அளவுக்கு மோசமாக நடத்தப்பட்டு வெளியேறினோம் என்றார்கள். நாடு முழுவதற்கும் கணித்தால் ஆண்டுக்குச் சுமார் 54,000 தாய்மார். அந்த எண் பல வருடங்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது. ஆட்குறைப்பு நேரத்தில் கர்ப்பிணிகளுக்கும் பிரசவ விடுப்பு முடிந்து திரும்புபவர்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு தரும் சட்டம் 2023இல் நிறைவேறி, 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது.

நம் நாட்டில் இந்த வேலை உண்டா? என் மகள் யுஎஸ்எம்மில் புள்ளியியல் படிக்கிறாள்.
வாசகி, ஆயர் ஈத்தாம்

சமத்துவத்துக்கென்றே தனி ஒழுங்குமுறை ஆணையம் இங்கே கிடையாது. வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இருக்கிறது, புள்ளிவிவரத் துறை இருக்கிறது, பல்கலைக்கழக ஆய்வு மையங்கள் இருக்கின்றன. நம் பினாங்கிலேயே பெண்கள் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பில், வரவு செலவு எதற்குப் போக வேண்டும் என்று குடியிருப்பாளர்களையே கேட்டு வாக்களிக்க வைத்தார்கள். அதுவும் இதே வகை வேலைதான்.

மகள் கொஞ்சம் சட்டமும் படிக்கட்டும். பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற வரி 2001இல் அரசியலமைப்பின் 8ஆம் விதியில் சேர்ந்தது. ஆனால் அந்த விதி அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்பத்தால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கு அது. 2023 ஜனவரி முதல் தீபகற்பத்தில் வேலைப் பாகுபாட்டுப் புகாரைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். பிரசவ விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளானது. அந்தப் புகார்களைத் தொகுத்துப் படிக்க ஆள் வேண்டும்.

அப்புறம் நேர்காணல். இப்படிப்பட்ட வேலைகளில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, கணக்குத் தெரியாத ஓர் அதிகாரிக்கு அரைப் பக்கத்தில் விளக்கச் சொல்வது வழக்கம். ஆர், ஸ்டாட்டா போன்ற மென்பொருள்களை எல்லோரும் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இந்த அரைப் பக்கத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளத்திலிருந்து வாரத்துக்கு ஓர் அட்டவணையை எடுத்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் அரைப் பக்கம் எழுதிப் பழகச் சொல்லுங்கள். முதல் வாசகியாக நீங்களே இருங்கள், அம்மா. உங்களுக்குப் புரியவில்லை என்றால் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.