ஆறு ஹார்டு டிஸ்க், லினக்ஸ்: எந்த சாட்டா கார்டு வாங்கலாம்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை டெபியன் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் ஆறு ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன். மதர்போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் நாலுதான். மற்ற இரண்டுக்காக ஆன்லைனில் பத்து போர்ட் கார்டு ஒன்று வாங்கினேன். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது அந்த இரண்டு டிஸ்கும் காணாமல் போகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகின்றன. ரெய்டு கார்டு வாங்கிவிடலாமா?

பதில்: பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு கார்டு வேண்டாம். இப்போதிருக்கும் கார்டின் மேல் எனக்குச் சந்தேகம் வருவது, இரண்டும் சேர்ந்தே போவதால்தான். பத்து போர்ட் என்று விற்கும் மலிவு கார்டுகள் பலவற்றில் கன்ட்ரோலர் சிப் சின்னது. அதன் ஒரு போர்ட்டை, போர்ட் மல்டிபிளையர் என்ற இன்னொரு சிப் ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரு டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அந்த இணைப்பையே ரீசெட் செய்யும். பக்கத்து டிஸ்கும் கூடவே விழும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் 199ஆம் எண்ணுள்ள வரியைப் பாருங்கள், வழியில் டேட்டா கெட்ட சிஆர்சி பிழைகளின் கணக்கு அது. பழைய எண்ணிக்கை அப்படியே நிற்கும், அது பரவாயில்லை. காப்பி செய்யச் செய்ய ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஏறவில்லையென்றால் கோளாறு கார்டிலோ பவர் சப்ளையிலோ இருக்கலாம்.

கார்டு வாங்கும்போது பெட்டியில் உள்ள பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் இன்று ஒரு சிப், அடுத்த லோடில் வேறு சிப் வரும். சிப்பின் எண்ணைக் கேளுங்கள். ஆறு போர்ட்டுக்கு ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1166, ஐந்துக்கு ஜேமைக்ரானின் ஜேஎம்பி585. இரண்டும் ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறையில் பேசுபவை. கர்னலுக்குள்ளேயே அதற்கு டிரைவர் இருக்கிறது. "லினக்ஸுக்குத் தனி டிரைவர் இருக்கு, டவுன்லோடு பண்ணிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் அதை வாங்காதீர்கள். அடுத்த கர்னல் அப்டேட்டில் அந்த டிரைவர் கம்பைல் ஆகாமல் போகலாம், அப்போது படங்களை எடுக்க முடியாமல் நிற்பது நீங்கள்தான்.

நாகர்கோவில் கடையில் வாங்குவதானால் கம்ப்யூட்டரில் நிறுவாமலே ஓடும் டெபியன் லைவ் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கார்டை மாட்டச் சொல்லி, எல்எஸ்பிசிஐ கட்டளையோடு, ஓர் இடைவெளியும் சிறுகோடும் விட்டு, என்என்கே என்ற மூன்று எழுத்தைச் சேர்த்து அடியுங்கள் (lspci -nnk). ஏஎஸ்எம்1166 என்றால் 1பி21:1166 என்று தெரியும். அதன் கீழே 'Kernel driver in use' (பயன்பாட்டில் உள்ள கர்னல் டிரைவர்) என்ற வரியில் ஏஹெச்சிஐ இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் பணம் கொடுக்கலாம்.

எல்எஸ்ஐ 9211-8ஐ என்ற பழைய சர்வர் கார்டும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். எட்டு டிஸ்க் மாட்டலாம், டிரைவரும் கர்னலிலேயே உண்டு, நல்ல கார்டுதான். ரெய்டு செய்யாமல் டிஸ்குகளை நேராகக் காட்டும் ஐடி மோடு ஃபர்ம்வேர் போட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அது கொதிக்கும். சர்வர் பெட்டியின் வேகமான காற்றை நம்பிச் செய்த கார்டு அது. பங்குனி வெயிலில் உங்கள் ஸ்டுடியோவின் மூடிய அறைக்கு நான் சொல்லமாட்டேன்.

அப்புறம் ரெய்டு. ரெய்டு கார்டு பெரும்பாலும் தன் சொந்த முறையில்தான் டிஸ்கில் எழுதும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஐப்பசி இடியில் கார்டு மட்டும் போய்விட்டது. அதே ரகக் கார்டைத் தேடி மூன்று வாரம் அலைந்தோம். அத்தனை நாளும் டிஸ்குகள் பழுதில்லாமல் மேசையில் கிடந்தன. ரெய்டு தேவையென்றால் லினக்ஸின் எம்டிஆட்மின் என்ற மென்பொருளில் அமையுங்கள். அந்த விவரம் டிஸ்கிலேயே இருப்பதால் வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினாலும் எடுத்துவிடலாம். பயாஸில் ரெய்டு என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தொடாமல் ஏஹெச்சிஐயிலேயே விடுங்கள்.

புது கார்டு மாட்டியதும் டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர் வரிசை மாறலாம். அதனால் டிஸ்குகளை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்தப் பெயர்கள் இருந்தால், கார்டைக் கழற்றும் முன்பே மாறாத அடையாள எண்ணான யூயூஐடியாக மாற்றி எழுதிவிடுங்கள்.