அறுபது பேர் கணக்கு

கேள்வி:
வணக்கம். நான் எழுதிய அறிவியல் புனைகதையில் 600 பேர் பயணிக்கும் விண்கலத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் பழுதாகிறது. கையிருப்பு 90 நாளுக்கு. பழுதுபார்க்க 100 நாள் ஆகும். கேப்டன் அன்றிரவே 60 பேரை ஏர்லாக் (விண்வெளிப் பக்கம் திறக்கும் கதவறை) வழியாக வெளியே தள்ளி, மற்ற 540 பேரைக் காப்பாற்றுகிறாள். அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி சொன்ன தலைமை இதுதானே? நண்பர்களோ, இது சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து என்கிறார்கள்.
- கே.

பதில்:
அன்புள்ள கே.,

டாம் காட்வின் 1954இல் எழுதிய ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ சிறுகதை உங்கள் கதைக்குப் பாட்டி முறை. ஒளிந்து ஏறிய பெண்ணின் எடையைச் சுமக்க எரிபொருள் போதாது. அவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். காட்வின் அவளை எப்படியாவது பிழைக்கவைத்து எழுத, பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெல் கதையைப் பலமுறை திருப்பியனுப்பினார் என்பது பிரசித்தம். ஆனால் அவளைக் கொன்றது இயற்பியலா? கலத்தின் கதவில் பூட்டில்லை, ‘உள்ளே வராதே’ என்று பலகை மட்டும். உபரி எரிபொருளும் கிடையாது. யாரோ சிக்கனம் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கணக்கிலும் அந்த ஓட்டை இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். 600 பேருக்கு 504 கிலோ. பத்து நாள் பற்றாக்குறை என்றால் 5,040 கிலோ. கலத்துக்குள் ஆளுக்கு 100 கன மீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றில் ஆக்ஸிஜனை 21 சதவீதத்திலிருந்து 16க்கு இறங்கவிட்டாலே சுமார் 4,000 கிலோ கிடைத்துவிடும். 16 என்பது ஏறக்குறைய 2,200 மீட்டர் உயர மலையூரின் காற்று. மூச்சு வாங்கும், சாக மாட்டார்கள். மீதி ஆயிரம் கிலோவை நூறு நாளுக்குப் பிரித்தால் இரண்டு சதவீதச் சிக்கனம். ஓடியாடும் வேலைகளை நிறுத்தினால் போதும். (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் கருவி ஓடவேண்டும் என்பது தனி நிபந்தனை. 1970இல் நிலவுக்குப் புறப்பட்ட அப்போலோ 13 கலத்தில் மூச்சுக்கு ஆக்ஸிஜன் இருந்தது, மிரட்டியது கார்பன் டை ஆக்சைடுதான்.) ஆக உங்கள் கேப்டன் 60 பேரைச் சும்மா கொன்றிருக்கிறாள்.

இடத்தைச் சுருக்கி இந்த வழியை அடைத்துவிடலாம். அப்போதும் ‘100 நாள்’ யார் சொன்னது? பொறியாளர் 80லிருந்து 120 வரை ஆகலாம் என்றுதான் சொல்வார். 80 என்றால் ஒருவரும் சாக வேண்டாம். 120 என்றால் 450 பேருக்குத்தான் காற்று, 150 பேர் போகவேண்டும். கேப்டனின் 60 அந்த இரண்டுக்கும் நடுவில் போட்ட குத்துமதிப்பு. நிச்சயம் தெரிந்தவர் எழுத்தாளர் மட்டும்தான். அதைப் பாத்திரத்தின் கையில் கொடுத்துவிட்டதால்தான் நண்பர்களுக்கு உறுத்துகிறது.

அதற்காகப் பொறுத்திருந்து பார்ப்பதும் இலவசமில்லை. ஐம்பதாம் நாள்வரை தயங்கி, பிறகு 100 நாள்தான் என்று உறுதியானால், மிஞ்சிய காற்று 480 பேருக்கே வரும். 60 என்பது 120 ஆகிவிடும். தெரியாமல் இன்று 60, தெரிந்துகொண்டு பிறகு 120. கதை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதை ஒரே பத்தியில் தாண்டிவிட்டீர்கள்.

மாக்கியவெல்லியையும் பாதிதான் எடுத்திருக்கிறீர்கள். தன் ‘இளவரசன்’ நூலின் எட்டாம் அத்தியாயத்தில் கொடுமையை நன்றாகப் பயன்படுத்துவது என்று அவர் சொல்வது, தேவைக்காக ஒரே வீச்சில் செய்துவிட்டு அதோடு நிறுத்துவதை. நாள் போகப்போகக் கூடினால் அது கெட்ட பயன்பாடு. கதையில் உங்கள் கேப்டனோ மறுநாள் ஊரடங்கு, அடுத்த வாரம் கைது என்று போகிறாள். ரோமானியர்கள்கூட நெருக்கடிக்கென நியமித்த சர்வாதிகாரிக்கு ஆறு மாதக் கெடு வைத்திருந்தார்கள், கி.மு. 82இல் தளபதி சுல்லா கெடுவே இல்லாமல் அந்தப் பதவியை வாங்கிக்கொண்டார். ‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்ற குறளும் கடுமையாக ஓங்கி, மென்மையாக அடிக்கச் சொல்கிறது. உங்கள் கேப்டன் ஓங்கவே இல்லை, நேரே அடிதான். தானே வெளியேற முன்வருபவர்கள் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

இன்னொன்று. அந்த 60 பெயர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கதையில் ஒரு வரிகூட இல்லை. குலுக்கலா, வயதா, வேலைத்திறனா? யாரோ உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்திருக்கிறார். கேப்டனை விட்டுவிட்டு, கதையின் அடுத்த வரைவை அவரிடமிருந்து தொடங்குங்கள்.