காரணத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் பேரூராட்சி போட்ட தார்ச்சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டு பக்க மனு எழுதி, "ஏன் தரமற்ற சாலை போட்டீர்கள்? இதற்கு யார் பொறுப்பு? எப்போது சரிசெய்வீர்கள்?" என்று கேட்டேன். "தாங்கள் கோரியவை தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. மேல்முறையீடு செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்யமாட்டேன். மேல்முறையீட்டு அலுவலரும் அதே மூன்று கேள்விகளைத்தான் படிக்கப்போகிறார். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் புதிய மனுவாகவே எழுதுங்கள்.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு தகவல் என்று சொல்வது ஆணை, அறிக்கை, ஒப்பந்தம், மாதிரி என ஏதோ ஒரு வடிவில் அலுவலகத்தில் ஏற்கெனவே இருப்பதை. இல்லாத தகவலைத் திரட்டித் தரவோ, தம் கருத்தைச் சொல்லவோ பொதுத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், தேர்வு விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை மாணவர்களுக்கு வழங்கிய அதே தீர்ப்பிலேயே சொல்லியிருக்கிறது. போதாததற்கு, 'தரமற்ற' என்ற சொல்லை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்னும்போது எந்த அலுவலர் கையெழுத்துப் போடுவார்?

ஆகவே, ஒவ்வொரு கேள்வியையும் எழுதுவதற்கு முன், அதற்கான விடை எந்தக் கோப்பில் இருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் மனு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "இன்ன வார்டு, இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் போடப்பட்ட தார்ச்சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்த நிபந்தனைகள், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், தர ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்; அளவெடுத்துக் கையொப்பமிட்ட பொறியாளரின் பெயரும் பதவியும் வேண்டும்."

பொறியாளர்கள் 'எம் புக்' என்று சொல்லும் அந்த அளவுப் புத்தகம்தான் இதில் முக்கியம். சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் ஏறிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் பாஸ் ஆகும். அதில் எழுதியிருக்கும் கனத்தையும், பெயர்ந்த விளிம்பில் நீங்கள் ஸ்கேல் வைத்து அளக்கும் கனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், 'ஏன்' என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. உங்கள் 'யார் பொறுப்பு' என்ற கேள்விக்கும் அந்தக் கையொப்பத்தில் பாதி விடை இருக்கிறது.

'எப்போது சரிசெய்வீர்கள்' என்பதை, 'ஒப்பந்ததாரர் தம் செலவில் பழுதுபார்க்க வேண்டிய காலம் எதுவரை, அதன்படி அவருக்கு அனுப்பிய கடிதங்களின் நகல் வேண்டும்' என்று மாற்றுங்கள். அப்படிக் கடிதமே இல்லை என்று பதில் வந்தாலும் லாபம்தான். அனுப்பவில்லை என்பது எழுத்தில் கிடைத்துவிடும். காரணம்தான் வேண்டும் என்றால், அது முன்பே பதிவாகியிருக்கும் இடத்தைச் சொல்லி, அந்தப் பணிக்கான குறிப்புக் கோப்பின் நகலைக் கேளுங்கள்.

தகவல் எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை என 6(2) பிரிவே கூறுவதால், தெருவின் கதையைச் சொல்லும் அந்த இரண்டு பக்கம் இந்த மனுவுக்குத் தேவையில்லை. அதைப் புகைப்படங்களுடன் கோரிக்கை மனுவாக்கி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள்.