சரிவில் ஓட்ட டிராக்டர் சக்கரத்துக்கு ஸ்பேசரை நாமே செய்து போடலாமா?

வெலிமடைப் பக்கம் சரிவான மரக்கறித் தோட்டத்தில் நாலு சக்கர டிராக்டர் ஓட்டுகிறவர் கேட்ட கேள்வி இது. ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (சக்கரம் பூட்டப்படும் அச்சின் முனை) சக்கரத்துக்கும் நடுவில் வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளும் வளையம். செய்யலாம், ஆனால் அதற்கு முன் ரிம்மைப் பாருங்கள். பல டிராக்டர்களில் பின் சக்கரங்களை இடம் வலமாக மாற்றிப் போட்டாலே ரிம்மின் குழி திரும்பி இரு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் கூடும், டயரின் சுழலும் திசையும் மாறாது. செலவே இல்லை.

அகலம் ஏன் முக்கியம்? பின் சக்கர இடைவெளி 120 செ.மீ., எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. என்றால், அசையாமல் நிற்கும் வண்டி கணக்குப்படி சுமார் 40 பாகையில் கவிழும். பக்கத்துக்கு 10 செ.மீ. கூட்டினால் 45 பாகை. ஓடும்போது ஒரு கல்லில் ஏறினாலே இந்தக் கணக்கு உடைந்துவிடும், அதை நம்பி ஓட்டாதீர்கள். முன் அச்சு நடுவில் ஊசலாடுவதால் முன்னால் ஸ்பேசர் போட்டுப் பெரிய பயன் இல்லை.

அப்புறமும் வேண்டுமென்றால், லேத்தில் ஒரே துண்டு கனத்த எஃகில் கடையச் சொல்லுங்கள். ஹப்பின் நடுவில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஸ்பேசரை ஹப்பில் தனி போல்டுகளால் பூட்டி, சக்கரத்தை ஸ்பேசரின் போல்டுகளில் பூட்டுவதே நல்லது. வாஷர் அடுக்குவதும், சாதாரண போல்டை வெல்டிங் செய்து நீட்டுவதும் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். அகலம் கூடினால் பேரிங்கில் சுமையும் கூடும். முதல் நாள் வேலை முடிந்ததும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.