பழப்புளியின் அமிலமும் உங்கள் மகளின் பட்டப்படிப்பும்

அம்மா,

மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை மகள் தொடவில்லை என்ற கவலை உங்களை இன்னும் விடவில்லை. அதற்குள் அவள் சேதன இரசாயனம் (காபன் சேர்வைகளைப் பற்றிய படிப்பு), ஊக்கி (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) ஆராய்ச்சி என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். "அதில் என்ன சோறு கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

அவளுக்கு அதில் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று முதலில் சொல்கிறேன். பல மருந்து மூலக்கூறுகள் இடது செருப்பும் வலது செருப்பும் போல இரண்டு வடிவில் இருக்கும். சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி கலந்தே வரும்; ஒன்றை மட்டும் செய்வதுதான் சவால். 1980இல் ஷார்ப்ளெஸ், கட்சுகி என்ற இரசாயனவியலாளர்கள் டைட்டேனியம் என்ற உலோகத்தோடு டார்டாரிக் அமிலத்தின் எஸ்தரை (அமிலமும் மதுசாரமும் சேர்ந்த சேர்வையை) சேர்த்தார்கள். நீங்கள் மீன் குழம்புக்குக் கரைக்கிற பழப்புளியின் புளிப்பு அந்த அமிலந்தான். அந்த எஸ்தர் உலோகத்தைப் பிடித்துக்கொண்டால், நாம் மாற்ற நினைக்கும் மூலக்கூறில் ஒட்சிசன் ஒரு பக்கத்தால் மட்டுமே ஏறும்; அதனால் ஒரு வடிவமே பெரும்பாலும் வரும். அமிலத்தின் எதிர்வடிவத்தைப் போட்டால் மற்றப் பக்கத்தால் ஏறும். இந்த ஒட்சியேற்ற வேலைக்காகத்தான் ஷார்ப்ளெஸ்ஸுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றெரிவுக்குப் பார்மசியில் தரும் எசோமெப்ரசோல் குளிசையும் இதே டைட்டேனியம், டார்டாரிக் அமில எஸ்தர் வழியை ஒட்டிய முறையில் தயாரிக்கப்பட்டதுதான்.

இது பொறுமை கேட்கும் வேலை. குடுவையைப் பல நேரம் மைனஸ் 20 பாகையில் வைத்திருக்க வேண்டும், கொஞ்சம் ஈரம் பட்டாலே ஊக்கி கெட்டுவிடும். பாடசாலைச் செய்முறை வகுப்பில் துளித்துளியாக ஊற்றி நிறம் மாறும்வரை அலுக்காமல் நிற்பாளா என்று அவளையே கேளுங்கள். ஆம் என்றால் தடுக்காதீர்கள்.

சரி, சோறு. உள்ளதைச் சொல்கிறேன்: இந்த ஆராய்ச்சிக்கென்றே திருகோணமலையில் வேலை இல்லை. இரசாயனப் பட்டத்தோடு சீனக்குடாப் பக்கத்து மாவு ஆலை, சீமெந்து ஆலை போன்ற இடங்களில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூட வேலைக்கு முயலலாம், ஆசிரியராகலாம். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு போன்ற இடங்களில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்து, பிறகு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இரசாயனத்துக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, கற்பித்தல் உதவியாளர் என்று மாதப் படியும் தருவார்கள். காணி விற்க வேண்டி வராது.

எனக்குள்ள ஒரே பயம் ஆங்கிலம். உயர்தரத்தைத் தமிழில் படித்தவள் பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கப்போகிறாள். சிறப்புப் பட்டத்துக்கு முதல் வருடங்களின் பெறுபேற்றைப் பார்த்தே எடுப்பார்கள். அதனால் அனுமதி வரும்வரை வீட்டில் இருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கே கொடுக்கட்டும்.

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெறுபேற்றுத் தாளையும் மறக்காதீர்கள். விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் போடுவதென்று மூவருமாக இருந்து பார்ப்போம்.