குவீக்கைக் கவிழ்த்தது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, 1954ல் வந்த ‘தி கெய்ன் மியூட்டினி’யைத் தேடிப் பார்த்தேன். ஹம்ஃப்ரி போகார்ட் பிரமாதம். ஆனால் முடிவில் ஏமாற்றிவிட்டார்கள். கேப்டன் குவீக் நிதானம் தவறியவர், கோழை என்று இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு, கடைசியில், புயலில் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியவர்களையே, அவர்களுக்காக விசாரணையில் வாதாடிய வக்கீல் திட்டுகிறார். கடற்படையைக் குளிர்விக்க ஒட்டவைத்த காட்சிதானே அது? இதைப் போய் ஏன் பெரிய படம் என்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

குளிர்வித்தார்கள், அதில் சந்தேகமில்லை. ‘அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் கலகம் என்று ஒன்று நடந்ததே இல்லை’ என்ற அறிவிப்போடுதான் படமே தொடங்குகிறது. முடியும்போது கடற்படைக்கே சமர்ப்பணம். நடுவில் காட்டுவதோ இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கடலில் ஓடும் ‘கெய்ன்’ என்ற, கடற்கண்ணிகளை அகற்றும் ஒரு கிழட்டுக் கப்பலையும், சட்டை நுனி வெளியே தொங்கியதற்காக ஒரு மாலுமியைத் திட்டிக்கொண்டே கப்பலை வட்டமடிக்கவிட்டுத் தன் இழுவைக் கயிற்றையே அறுத்துக்கொள்ளும் கேப்டனையும்.

நீங்கள் வக்கீல் கிரீன்வால்டின் பேச்சை ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிட்டீர்கள். அதில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. ‘நாங்கள் படித்துக்கொண்டும் சம்பாதித்துக்கொண்டும் இருந்தபோது குவீக் மாதிரி ஆட்கள்தான் நாட்டைக் காத்தார்கள்’ என்பது முதலாவது. ஹெர்மன் வோக்கின் நாவலில் இதற்கு ஒரு கனம் உண்டு. அங்கே கிரீன்வால்ட் யூதர். நாஜிகள் ஜெயித்திருந்தால் தன் அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்ற பயத்திலிருந்து பேசுகிறார். படத்தில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது ஆள்சேர்ப்பு விளம்பரம். இதில் நான் உங்கள் கட்சி.

இரண்டாவது வாதத்தை அப்படித் தள்ள முடியாது. கரையிறங்கும் வீரர்களின் படகுகளுக்கு வழிகாட்டப் போன குவீக், பாதியிலேயே இடத்தைக் காட்டும் மஞ்சள் சாயத்தைக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவிடுகிறார். அப்புறம் அதிகாரிகளின் அறைக்கு வந்து உட்கார்கிறார். நேரடியாக மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள். சுற்றிவளைத்து, குடும்பத்தைப் பற்றியெல்லாம் பேசி, கூட நில்லுங்கள் என்கிறார். யாரும் வாய் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். முதல்முறை பார்க்கும்போது நாமும் அந்த அதிகாரிகளோடு சேர்ந்துதான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். கடைசியில் கிரீன்வால்ட் கேட்பது இதைத்தான்: அன்றைக்கு அவருக்குக் கை கொடுத்திருந்தால் புயலில் அந்த நிலைமை வந்திருக்குமா? இந்தக் கேள்வி ஒட்டவைத்ததில்லை. படத்தின் நடுவிலேயே விதைத்து வைத்தது.

அதற்குப் பிறகு வரும் ஸ்ட்ராபெர்ரி விவகாரத்தைத் திரும்பப் பாருங்கள். கொஞ்சம் பழம் காணாமல் போனதற்கு நள்ளிரவில் அதிகாரிகளை எழுப்பி, பழத்துக்குப் பதிலாக மணலைக் கரண்டி கரண்டியாக அளக்க வைத்து, யாரிடமோ கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார். இளம் அதிகாரியாக இருந்தபோது ஒரு பாலாடைக்கட்டித் திருட்டைக் கண்டுபிடித்துப் பாராட்டு வாங்கியவர். அந்தப் பழைய வெற்றியை இன்னொரு முறை நடத்திப் பார்க்கிறார். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் எஃகுக் குண்டுகளைக் கையில் உருட்டியபடி போகார்ட் இதையே விவரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கோபம் கீஃபர் மேல் ஏன் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாவல் எழுதிக்கொண்டிருக்கும் அந்தப் புத்திசாலி அதிகாரிதான் குவீக்குக்கு மனநோயின் பெயர் சொல்லி, பின்னால் புயலில் கப்பலைப் பறிக்கப்போகும் துணை அதிகாரி மேரிக்கின் மண்டையில் ஏற்றுகிறான். மேரிக் அதை நம்பி எல்லாவற்றையும் குறித்துவைக்கிறான். இருவரும் இன்னொரு இளம் அதிகாரியோடு, கப்பல்படைத் தலைவர் அட்மிரல் ஹால்ஸியிடம் புகார் சொல்லப் போகிறார்கள். அந்தப் பெரிய கப்பலின் ஒழுங்கைப் பார்த்ததுமே கீஃபருக்கு உதறல் எடுத்துவிடுகிறது. விசாரணையிலோ நண்பனை அம்போ என்று விட்டுவிடுகிறான். கிரீன்வால்ட் மதுவை ஊற்றுவது அவன் முகத்தில்தான். இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் 1947ல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனவர், 1951ல் அதே குழுவின் முன் உட்கார்ந்து பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். நண்பர்களைக் கைவிடும் ஒருவனைப் படமெடுக்கும்போது அவர் மனதில் என்ன ஓடியதோ!

இந்தப் படம் மேல் எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. 1944 டிசம்பரில் பசிபிக்கில் அப்படி ஒரு புயல் உண்மையிலேயே வீசியது. ஹால்ஸியின் கப்பல்படை அதில் மாட்டி மூன்று டிஸ்ட்ராயர் போர்க்கப்பல்கள் மூழ்கின, சுமார் 790 பேர் செத்தார்கள். ஹால்ஸியின் கணிப்புத் தவறு என்று விசாரணை மன்றம் சொன்னது. தண்டனை எதுவும் இல்லை. படத்திலோ கேப்டனிடமிருந்து கப்பலைப் பறித்தது சரியா தப்பா என்று விசாரிக்கிறார்களே ஒழிய, மொத்தப் படையையும் அந்தப் புயலுக்குள் யார் விட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. கடற்படையைக் குளிர்வித்தது என்று நீங்கள் சொல்வது இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்.

முடிந்தால் இதே கதையை இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் 2023ல் எடுத்ததையும் பாருங்கள். அதுதான் அவருடைய கடைசிப் படம். புயலையே காட்டாமல் விசாரணையை மட்டும் எடுத்திருக்கிறார். குவீக்காக வருபவர் கீஃபர் சதர்லேண்ட் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்). கப்பலில் நடந்தது எதையும் நாம் பார்க்காததால், சாட்சிகள் சொல்வதை வைத்து நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் குவீக் மேல் இதே கோபம் இருந்தால் இன்னொரு கடிதம் போடுங்கள்.