போர்க்களம் பூங்கா ஆகுமா?

கேள்வி: 1783 ஜூன் 13 அன்று கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய நிலத்தை, அமெரிக்கர்கள் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைக் காப்பதுபோல், தேசியப் பூங்காவாக அறிவிக்க முடியாதா?
– மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: அந்தப் பெயரில் முடியாது. நம் நாட்டில் தேசியப் பூங்கா என்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், காட்டுயிர்களுக்காகவும் அவற்றின் வாழிடத்துக்காகவும் அறிவிக்கப்படுவது. வரலாற்றிடங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டமோ, சிதைவுகளோ தொல்பொருள்களோ உள்ள, அல்லது இருக்கக்கூடும் என்று நம்பத்தக்க இடங்களையே தொல்லியல் தலமாகக் கருதுகிறது. ஆதலால் சுவரோ தூணோ இல்லாத வெறும் போர்நிலம் அதன் வரம்புக்குள் எளிதில் வராது.

கெட்டிஸ்பர்க்கிலும் இது எளிதில் நடந்துவிடவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-இல் படைகள் மோதிய அந்நிலத்தில் மின்சார ரயில் பாதை அமைத்த நிறுவனம் ஒன்று, நிலம் கையகப்படுத்தப்படுவதை எதிர்த்து வழக்காடியது. போர்க்களத்தைப் பாதுகாப்பதும் பொதுப்பயனே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்பளித்தது. (நம் ஊரில் இப்படியொரு வழக்கைத் தொடுக்கவே நிலம் மிஞ்சியிருக்க வேண்டும்!) அதற்கு முந்தைய ஆண்டு உருவான அப்பூங்கா, 1933 வரை போர்த்துறையின் பொறுப்பிலேயே இருந்தது.

கடலூரில், 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியதும் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கைப்பற்றித் தகர்த்ததுமான தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து. போர்நிலத்தைப் பொறுத்தவரை, அக்காலப் படைவரைபடங்களை இன்றைய வருவாய்த்துறைப் புல எண்களோடு ஒப்பிட்டு, எஞ்சியுள்ள புறம்போக்கு நிலத்தையேனும் அடையாளம் காணுமாறு மாநிலத் தொல்லியல் துறைக்கு நீங்கள் மனு அளிக்கலாம்.